படுத்துப் பார்க்காத வண்டி

செங்கல்பட்டு பஜாரில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு காலத்தில் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். "அந்தக் கயித்துக் கடை பாயோட தம்பிய இட்டுகினு போ. அவன் பானெட்டைத் தொறந்தான்னா வண்டியோட ஜாதகத்தையே சொல்லிடுவான்" என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேரை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஒரே ஒரு ஸ்டேஷன் வேகன். எங்கள் வீட்டுக்காக நான் பார்த்து எடுத்தது. வருஷக்கணக்கில் ஓடியும் நடுரோட்டில் ஒரு தடவைகூட நின்றதில்லை. அந்த வண்டியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. ரயிலடிக்குப் பக்கத்தில் அண்ணனுக்குக் கயிறு, வலை நூல், தார்ப்பாய் வியாபாரம். சரக்கில் பாதி சதுரங்கப்பட்டினம், மகாபலிபுரம் பக்கம் கடற்கரைக் குப்பங்களுக்குத்தான் போகும். வண்டி சரக்குக்காக என்று பஜாரில் சொல்லி வைத்தோம். உண்மையில் அது அண்ணிக்காக. அண்ணியின் அம்மா சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடந்தார்கள். அண்ணி ஒரே பெண். "மருமவன் வூட்டுல வந்து கெடக்க மாட்டேன், என் வூட்டுலதான் எனக்கு மௌத்து" என்று அந்தம்மா ஒரே பிடிவாதம். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் கஞ்சி ஊட்டினார்கள், துணி மாற்றினார்கள். அண்ணி இங்கே அடுப்பங்கரையில் நின்று அழுவாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் அப்போது கோஷா. முகம் தெரிய வெளியே போகிற வழக்கம் இல்லை, பஸ்ஸில் ஏறுகிற பேச்சுக்கே இடமில்லை. திரை போட்ட மாட்டு வண்டி ஒன்று இருந்தது. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் உச்சி வெயிலுக்குத்தான் சதுரங்கப்பட்டினம் போய்ச் சேரும். போக ஒரு நாள், வர ஒரு நாள். மாசத்துக்கு ஒரு முறை போனாலே பெரிய காரியம். ஒரு நாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "வாரா வாரம் இவ போய் அம்மாவப் பாத்துட்டு அன்னிக்கே திரும்பணும். நல்லதா ஒரு வண்டி பாருடா" என்றார். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். "சீட்டு கிழிஞ்சிருந்தாலும் பரவால்லடா. நடுவுல நிக்காத வண்டியாப் பாரு. அது போதும் எனக்கு" என்றாள்.

எனக்கு என்ன தெரியும் என்று இந்தக் கூத்து? மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எட்டு மாசம் ஸ்பேனர் துடைத்திருக்கிறேன். மேஸ்திரி ஒரு நாள் ஜாக்கிக் கம்பியைத் தூக்கி எறிந்தார், அன்று ஓடி வந்தவன்தான். வீட்டில் அதைச் சொல்வேனா? வேலை முழுக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டேன் என்று அளந்து வைத்திருந்தேன். அண்ணன் நம்பினார். அண்ணி அண்ணனைவிட நம்பினாள்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, முதல் இரண்டு வண்டியில் நான் கெட்டிக்காரன்தான். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒருத்தர் வண்டியைக் காட்டினார். கியர் மாற்றினால் சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி விழுந்தது. பழைய வண்டிக்கு இது அடுக்குமா? கியர் பாக்ஸ் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். எண்ணெயோடு மரத்தூள். பல் தேய்ந்த சத்தம் வெளியே கேட்காமல் இருக்க உள்ளே மரத்தூளைக் கொட்டி வைத்திருந்தார் மகராசன். விரலை அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அண்ணன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! இன்னொன்று எங்கள் ஊரிலேயே. புகை தெரியாமல் இருக்கக் கூழ் மாதிரி கெட்டி எண்ணெய் ஊற்றி வைத்திருந்தான். அதையும் கண்டுபிடித்தேன். பஜாரே பேசியது. தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

மூன்றாவதுதான் நாங்கள் எடுத்தது. மகாபலிபுரத்தில் ரிடையரான ஓவர்சியர் ஒருவர், மகன் ஊருக்குக் குடி போகிறார், வண்டியை விற்கிறார் என்று தகவல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனும் நானும் பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போய், அங்கே ஜும்மா தொழுதுவிட்டு, அங்கிருந்து மகாபலிபுரம் போனோம். நான் புது வெள்ளைச் சட்டை, புது வெள்ளைக் கைலி. பார்த்ததும் அந்த வண்டி எனக்குப் பிடித்துவிட்டது. முன் பாதி கார், பின் பாதி மரத்தில் செய்த அறை மாதிரி, இரண்டு பக்கமும் ஜன்னல். அறைக்குள்ளே தரைக்குப் பலகை, பலகை மேல் கோரைப் பாய். மரத்துக்குப் புதுசாக வார்னிஷ் அடித்திருந்தது.

ஓவர்சியரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கேட்காததை அவர் ஏன் சொல்கிறார்? ஹேண்டிலைப் போட்டு ஒரே சுற்று, என்ஜின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் பார்த்தேன், ரேடியேட்டர் பார்த்தேன், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், பிரேக் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். அண்ணன் மட்டும் விடாமல், "அடியில பாத்தியாடா? கடக்கரை வண்டி, துரு கிருன்னு இருக்கப் போவுது" என்றார்.

"பாத்துட்டேண்ணே."

குனிந்துதான் பார்த்தேன். படுத்துப் பார்க்கவில்லை. படுத்தால் மணலும் கிரீஸும் கைலியில் ஒட்டும், சாயங்காலம் அஸர் தொழ வேண்டிய துணி என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தொழுகையை இழுத்தேன் பாருங்கள்! ஓவர்சியரிடம் கேட்டிருந்தால் வேறு கைலி கொடுத்திருப்பார். புதுத் துணி கசங்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். சவுக்குத் தோப்பு ஓரமாக நாலு மைல் போய் நாலு மைல் வந்தோம். நான் ஓட்ட, பக்கத்தில் அண்ணன், ஓரத்தில் ஓவர்சியர். மூன்று பேரும் முன்னால். கண்ணாடி எல்லாம் இறக்கி, கடல் காற்று முகத்தில் அடிக்க, அப்படி ஒரு சுகம். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கலாம், திரையை இழுத்து மூடிக்கொண்டு பார்க்கலாம் என்று மூன்று ஆம்பிளைகளில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பின்னால் உட்காரப் போகிறவள் வீட்டில் இருந்தாள். அவளை வண்டி பார்க்கக் கூட்டிப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

வண்டி வந்ததும் கடையிலிருந்து மெல்லிசான தார்ப்பாய்த் துணி எடுத்து அண்ணியே திரை தைத்தாள். ஜன்னலுக்கெல்லாம் போட்டு, பின் கதவுக்குப் போட்டு, முன் சீட்டுக்கும் பின் பக்கத்துக்கும் நடுவிலும் ஒன்று போட்டோம். ஈ நுழையாது. மாடு இரண்டையும் பழைய வண்டியோடு திருக்கழுக்குன்றத்துக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அண்ணி அதற்காக வருத்தப்படவே இல்லை.

முதல் பயணம் நன்றாக நினைவிருக்கிறது. அண்ணனும் மடியில் அவருடைய நாலு வயசுப் பெண்ணும் முன்னால், என் பக்கத்தில். பின்னால் அண்ணி தனியாக, கூடவே அம்மாவுக்குச் செய்த பலகாரக் கூடை. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, இன்னாடா இது, பொகை நாத்தமா கீது? தலைய சுத்துது."

"மாட்டு வண்டியிலயே போனவளுக்கு மோட்டார் வாசனை அப்படித்தான் இருக்கும் அண்ணி. எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்துக்க" என்று திரைக்குக் கீழே உருட்டிவிட்டேன். அண்ணன் சிரித்தார். குழந்தை எதற்கு என்று தெரியாமல் அதுவும் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. சதுரங்கப்பட்டினத்தில் இறங்கும்போது முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைவலி சாயங்காலம் வரை விடவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார வந்தவள் அம்மா பக்கத்தில் படுத்துக் கிடந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் நான் விட்டேனா? 'மாட்டு வண்டி மகாராணி' என்று பேர் வைத்தேன். சாப்பாடு போடும்போதெல்லாம் ஓங்கரிக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். பாவம், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. மழை வருகிற மாதிரி இருந்ததால் திரையையெல்லாம் அடி ஓரத்திலும் இழுத்துக் கட்டியிருந்தோம். பாதி வழிக்கு மேல் அவள் சத்தம் கொடுக்கவில்லை. தூங்கிவிட்டாள், பழகிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவள் அம்மா வீட்டு வாசலில் பின் கதவைத் திறந்தால், கூடையின் மேல் தலை சாய்ந்து கிடக்கிறாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். படுக்கையில் கிடந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்கள். பேச்சு குழறும் அவர்களுக்கு. ஆனாலும் அன்றைக்கு அவர்கள் கத்தியது தெளிவாகக் கேட்டது. "யா அல்லா, எம் பொண்ணு! எம் பொண்ணு!"

தண்ணீர் தெளித்து, விசிறி, அரை மணி கழித்துத்தான் எழுந்தாள். அந்தம்மா நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னப் பாக்க வந்து நீ போய்ச் சேந்துடாதடி. இனிமே வராத. எம் மேல ஆணை" என்றார்கள். அண்ணி தலையாட்டினாள். வாடகைக்கு மாட்டு வண்டி பிடித்தாவது அனுப்புகிறேன் என்று அண்ணன் பிறகு சொல்லிப் பார்த்தார். அம்மா போட்ட ஆணையைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். ரத்தம் கம்மி, ரொம்பப் பலவீனம், பயணம் கூடாது என்று டானிக் எழுதிக் கொடுத்தார். தெருப் பெண்கள் வந்து ஓதின தண்ணீர் கொடுத்தார்கள். முன்னால் உட்கார்ந்த குழந்தைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை, அதனால் வண்டியில் கோளாறு இல்லை, அவள் உடம்பில்தான் கோளாறு என்று எல்லாருக்கும் தீர்மானமாகிவிட்டது. அவளுக்கும்தான். "நல்ல வண்டியா வாங்கிக் குடுத்தும் எனக்குக் கொடுப்பினை இல்ல பாரு" என்று என்னிடம் சொன்னாள். என் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ரைஸ் மில் முதலாளி ஒருவர் கடைக்கு வந்தார். அவருக்கும் இதே மாதிரி ஒரு வேகன் வேண்டும், எங்கள் வண்டியில் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். "இன்னா பாய், எங்க டிரைவர் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார். பெரிய மனுஷர், முன் சீட்டை அவருக்கும் டிரைவருக்கும் விட்டு நான் பின்னால் ஏறினேன். நல்ல மழை. சாரல் அடிக்கிறதென்று திரையை இழுத்துக் கட்டினேன்.

மூன்று மைல் போயிருக்காது. அடுப்புப் புகை மாதிரி ஒரு காரல் தொண்டையில் ஏறியது. இரண்டு பொட்டிலும் சுத்தியலால் தட்டுகிற மாதிரி வலி. கண் இருட்டியது. திரையைப் பிய்த்துத் தலையை வெளியே நீட்டி மழையில் வாந்தி எடுத்தேன். முன்னாலிருந்து, "இன்னா தம்பி, இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, காலைல துன்ன ஆப்பம் ஒத்துக்கல" என்றேன். அந்த நிமிஷத்திலேயே பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று பாருங்கள். அவர் திரும்பும்போது, "வண்டி ஜோரா கீது. எனக்கும் நீயேதான் பாத்துக் குடுக்கணும்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் பின்புறம் நிறுத்தி, சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். படுத்த உடனே கண்ணுக்கு நேரே தெரிந்தது. என்ஜினிலிருந்து வருகிற புகைக் குழாய் மூட்டில் துருப்பிடித்து வாய் பிளந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே தரைப் பலகை உப்புக் காற்றில் இற்றுப்போய், கோணியும் தாரும் வைத்து அடைத்த அடைப்பு பாதி விழுந்துவிட்டது. உள்ளே போய்க் கோரைப் பாயைத் தூக்கினால் என் முஷ்டி போகிற ஓட்டை. அண்ணி உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில். ஜன்னல் திறந்திருந்தால் காற்றோடு போய்விடும். எங்கள் வீட்டுத் திரைக்குள் எங்கே போகும்?

ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சேற்றிலேயே கிடந்தேன். உடனே உள்ளே ஓடி, "அண்ணி, உன் ஒடம்புல ஒண்ணுமில்ல, நான்தான் ஒழுங்காப் பாக்கல" என்று கத்தியிருக்க வேண்டும். அப்படித்தான் எழுந்தேன். எழுந்து கை கழுவுவதற்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மரத்தூள் ஒட்டிய விரல், அண்ணன் முகம், முதுகில் தட்டிய ரைஸ் மில்காரர். 'அடியில பாத்தியாடா' என்று அண்ணன் கேட்டது. சத்தம் போடாமல் சரி பண்ணிவிடுவோம், அடுத்த தடவை அவள் சுகமாகப் போய் வருவாள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். குழாயைக் கொல்லனிடம் பற்றவைத்து, தகரம் வெட்டிப் பலகையில் அடித்து, பாயை மேலே போட்டேன். ஒரு மத்தியான வேலை.

மறுநாள் அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன். "அண்ணி, வா, சதுரங்கப்பட்டினம் போலாம். இந்த வாட்டி ஒண்ணும் ஆவாது."

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கேட்டாள். நேராகக் கேட்டாள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? "போவப் போவ பழகிடும்" என்றேன்.

"பழகறதுக்குள்ள செத்துடுவேன்டா. அம்மா ஆணை வச்சிருக்கு. இந்த ஒடம்பை வச்சிகினு நான் எங்கயும் வர்ல" என்றுவிட்டு மறுபடி அரிய ஆரம்பித்தாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் நூல் போட, கயிறு போட என்று வாரத்துக்கு ஒருமுறை நான் மட்டும் சதுரங்கப்பட்டினம் போனேன். போகும்போதெல்லாம் அண்ணி ஏதாவது கொடுத்தனுப்புவாள். நான் அந்தம்மா தலைமாட்டில் வைத்துவிட்டு நிற்பேன். "எம் பொண்ணு ஒடம்பு எப்படி கீது?" என்று குழறிக் கேட்பார்கள். "தேவலைங்க" என்பேன். வாசலில் வண்டி நிற்கும், தகரம் அடித்த வண்டி. அவளை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்திருக்கலாம். ஒவ்வொரு வாரமும் இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவேன். கடை வாசல் வந்ததும், "இன்னா பாய், நமக்கு ஒரு வண்டி பாத்தியா?" என்று எவனாவது கேட்பான். சொல்ல மாட்டேன். இப்படி ஒன்றரை மாசம் போனது.

ஒரு நாள் விடிந்ததும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டான். மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். குளிப்பாட்டுவதற்கு மகள் வருவாளா என்று பெண்கள் கேட்டனுப்பியிருந்தார்கள். அண்ணி வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். அண்ணன் ஒரு ஈரத் துணியும் எலுமிச்சம்பழமும் கொடுத்தார். "முடியலன்னா தட்டு, நிறுத்தச் சொல்றேன்" என்றார். எல்லாத் திரையும் மூடியிருந்தது.

அந்தப் பதினெட்டு மைலும் நான் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன். தட்டவில்லை. இருமவில்லை. மூக்கை உறிஞ்சி அழுகிற சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் ஒரு தடவையாவது ஓங்கரிக்க வேண்டும் என்று நான் துஆ கேட்டேன். தாயைப் பறிகொடுத்துவிட்டுப் போகிறவள் நோகாமல் போய்ச் சேரக் கூடாது என்று கேட்டவன் நான். திருக்கழுக்குன்றம் போனது, ஒன்றுமில்லை. உப்புக் காற்று அடிக்க ஆரம்பித்தது, ஒன்றுமில்லை. அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "அல்லா இன்னிக்கு மட்டும் அவளுக்குத் தெம்பு குடுத்துட்டான்டா" என்று மெல்லச் சொன்னார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் ஆம்பிளைகள் கூட்டம். அண்ணன் குழந்தையோடு இறங்கி அவர்கள் பக்கம் போனார். நான் வண்டியைச் சந்துக்குள் பின்புறமாக விட்டு, பின் கதவைத் திறந்தேன். அவளாகவே இறங்கினாள். தள்ளாடவில்லை. எலுமிச்சம்பழம் தொடாமல் பாயின் மேல் கிடந்தது. இரண்டு அடி வைத்தவள் நின்றாள். திரும்பி வண்டியைப் பார்த்தாள், கோரைப் பாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்ப சரி பண்ணே?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணரை மாசம் ஆச்சு, அண்ணி."

உள்ளே யாரோ ஒரு பெண், "மவ வந்துட்டா, தண்ணி மொண்டு வைங்க" என்று குரல் கொடுத்தாள். அண்ணி துப்பட்டியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணரை மாசமா என் ஒடம்பத்தான்டா திட்டிகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் குளிப்பாட்ட உள்ளே போனாள்.